பித்தநாள வடிகால் கோடிங்: 47531 முதல் 47544 வரை முழுமையான வழிகாட்டி

நான் மெடிக்கல் கோடர்: டாக்டரின் ரிப்போர்ட்டைப் படித்து, செய்த சிகிச்சைக்கு பில்லில் போக வேண்டிய எண்ணை, அதாவது கோடை, போடுவது என் வேலை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (படத்தில் பார்த்துக்கொண்டே ஊசி, குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சை) சார்ட்டுகளுக்கு மாறிய புதிதில் எனக்கு வந்த முதல் ஆடிட் பிழை ஒரு பித்தநாள டிரெயினில்தான், அதாவது தேங்கிய பித்தநீரை வடிக்க வைக்கும் குழாயில். ரிப்போர்ட்டின் தலைப்பில் ‘இன்டர்னல்-எக்ஸ்டர்னல் பிலியரி டிரெயின்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 47534 போட்டு அனுப்பிவிட்டேன். உள்ளே டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அடைப்பைக் கம்பியால் தாண்ட முடியவில்லை, கதீட்டரின் நுனியை அடைப்புக்கு மேலேயே நிறுத்தி, வெளியே பை மாட்டியாகிவிட்டது. அது 47533. செய்ய நினைத்தது தலைப்பில் இருந்தது, செய்து முடித்தது உள்ளே இருந்தது. அன்றிலிருந்து தலைப்பைக் கடைசியில்தான் படிக்கிறேன்.

சென்னை, கோவை, திருச்சி அலுவலகங்களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டுகளைப் படிக்கும் கோடர்களில் பலரும் இந்தப் பகுதியைக் கண்டு தயங்குகிறார்கள். பதினாலு கோடுகள், ஒன்றைப் போலவே இன்னொன்று. மனப்பாடம் செய்தால் குழப்பும். உடம்புக்குள் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு படித்தால் கோடு தானாக வந்து நிற்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சின்னச் சின்ன நாளங்களில் சேர்ந்து, வலது, இடது கல்லீரல் நாளங்களாகத் திரண்டு, இரண்டும் கூடுமிடத்தில் பொதுக் கல்லீரல் நாளமாகிறது. பித்தப்பையிலிருந்து வரும் நாளம் அதோடு இணைந்த பிறகு அதற்குப் பெயர் பொதுப் பித்தநாளம். கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டி இறங்கி, முன்சிறுகுடலில் அது திறக்கிறது. இந்தப் படத்தை ஒரு தாளில் கையால் வரைந்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

இந்தப் பாதையில் புற்றுநோய்க் கட்டி, கல், தழும்புச் சுருக்கம் எது வந்தாலும் பித்தநீர் தேங்குகிறது. கண் மஞ்சளாகிறது, உடம்பு அரிக்கிறது, கிருமி சேர்ந்தால் காய்ச்சலும் குளிரும் வருகின்றன. பெரும்பாலும் முதலில் வாய்வழி எண்டோஸ்கோப்பில்தான் அடைப்பை எடுக்கப் பார்ப்பார்கள். அந்த இஆர்சிபி வேலைக்கு 43260 வரிசைக் கோடுகள் தனி. இங்கே கலக்கக் கூடாது. இரைப்பை பைபாஸ் ஆனவர்களுக்கு எண்டோஸ்கோப் அந்த இடத்தை எளிதில் அடையாது. நாளங்கள் கூடும் இடத்திலேயே அடைப்பு இருந்தாலும் கீழிருந்து போவது கடினம். அப்போதுதான் ரேடியாலஜிஸ்ட் விலா எலும்புக்கு இடையிலோ மேல்வயிற்றிலோ தோல் வழியாக உள்ளே நுழைகிறார்.

அல்ட்ராசவுண்டில் பார்த்து, மெல்லிய ஊசியால் கல்லீரலுக்குள் ஒரு நாளத்தைக் குத்துவார். ரிப்போர்ட்டில் ‘சிபா நீடில்’ என்று வருவது இந்த ஊசிதான். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தின் பெயர் அது. சாய மருந்தை ஏற்றி, ஃப்ளோரோஸ்கோப்பி என்ற ஓடும் எக்ஸ்-ரேயில் நாளங்களின் படத்தை எடுப்பார், அது கோலாஞ்சியோகிராம். பிறகு கம்பி, கம்பியின் மேல் பாதையை அகலப்படுத்தும் குழல், கடைசியில் நுனி சுருண்ட டிரெயின் கதீட்டர். ஒவ்வொரு டிக்டேஷனும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகும். வரிசை தெரிந்துவிட்டால் எங்கே நின்றுபோனது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: 2016-க்கு முந்தைய பழக்கத்தை விட்டுவிடுங்கள்

2015 வரை இந்த வேலைக்கு இரண்டு கோடுகள் போட வேண்டியிருந்தது. குழாய் வைத்ததற்கு 47510 அல்லது 47511. படத்தைப் பார்த்து விளக்கம் எழுதியதற்கு 75980 அல்லது 75982. 2016 ஜனவரியில் அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் சிகிச்சைகளுக்கான தன் சிபிடி கோடு தொகுப்பில் இவற்றை எல்லாம் எடுத்துவிட்டு 47531 முதல் 47544 வரை புதிய வரிசையைக் கொண்டுவந்தது. புதிய கோடுகளுக்குள் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டல், ஃப்ளோரோஸ்கோப்பி, படத்தின் விளக்கம் எல்லாமே அடக்கம். ஆகவே பக்கத்தில் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலுக்கான 76942 போட்டால் அது இரண்டாவது தடவை காசு கேட்பது. பழைய 75-ஆம் வரிசைக் கோடுகளுக்கு 26 மாடிஃபையர் (டாக்டரின் பங்கு மட்டும் என்று காட்டக் கோடின் பின்னால் ஒட்டும் குறி) போட்ட பழக்கத்தில், 47534-க்கும் 26 ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை அறுவைப் பிரிவுக் கோடுகள். 26 இங்கே கிடையாது.

மூன்றாம் படி: இரண்டு கேள்விகள்

சார்ட்டைத் திறந்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள். உள்ளே போன வழி இன்று புதிதாகக் குத்தியதா, ஏற்கனவே இருந்த குழாயின் வழியா? வேலை முடிந்தபோது உள்ளே என்ன இருக்கிறது, அதன் நுனி எங்கே முடிகிறது?

நோயாளி வந்தபோது இருந்த நிலை, போகும்போது இருந்த நிலை. இடையில் எத்தனை கம்பி மாற்றினார், எத்தனை முறை சாயம் ஏற்றினார் என்பவை பெரும்பாலும் கோடை மாற்றாது. நல்ல கோடர் ஒரு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது இந்த இரண்டு நிலைகளைத்தான்.

நான்காம் படி: கோடுகளை அந்தக் கேள்விகளின் மேல் வையுங்கள்

படம் மட்டும் எடுத்து, உள்ளே எதையும் புதிதாக விடாமல் வந்தால்: இருக்கும் குழாய் வழியாகச் சாயம் ஏற்றியது 47531, புதிதாகக் குத்தி எடுத்தது 47532. அதே அமர்வில் அதே வழியில் டிரெயினோ ஸ்டென்ட்டோ (நாளத்தைத் திறந்து வைக்கும் குழல்) வைத்துவிட்டால் இந்த இரண்டும் அதற்குள் கரைந்துவிடும்.

புதிதாகக் குத்தி டிரெயின் வைத்தால் நுனியைப் பாருங்கள். நுனி பித்தநாளத்துக்குள்ளேயே நின்று, பித்தநீர் வெளியே பைக்கு மட்டும் வந்தால் அது எக்ஸ்டர்னல், 47533. அதே ஒற்றைக் கதீட்டர் அடைப்பைத் தாண்டிச் சிறுகுடலில் முடிந்து, வெளியிலும் ஒரு முனை இருந்தால் இன்டர்னல்-எக்ஸ்டர்னல், 47534. வெளி முனையை மூடி வைத்திருந்தாலும் 47534-தான். பை மாட்டினார்களா, மூடினார்களா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘பிக்டெயில் டியோடினத்தில் லாக் செய்யப்பட்டது’ என்ற மாதிரி, அதாவது சுருண்ட நுனி முன்சிறுகுடலில் நிலைநிறுத்தப்பட்டது என்று, ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உங்கள் ஆதாரம்.

ஏற்கனவே இருக்கும் டிரெயினோடு வந்தவருக்கு: எக்ஸ்டர்னல் ஒன்று இன்டர்னல்-எக்ஸ்டர்னலாக மாறினால் 47535. ஒரே வகைக்கு ஒரே வகை மாற்றினால் 47536. இன்டர்னல்-எக்ஸ்டர்னலை எடுத்துவிட்டு எக்ஸ்டர்னலாக வைத்தாலும் 47536-தான், 47535 இல்லை. இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். அடைப்பைத் தாண்டி முன்னேறிப் போவது புது உழைப்பு, அதற்குத் தனிக் கோடு. பின்வாங்குவது வெறும் மாற்று வேலை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

டிரெயினை எடுத்துவிட்டால் 47537. ஆனால் ஃப்ளோரோஸ்கோப்பி தேவைப்பட்டிருக்க வேண்டும். உள்ளே ஸ்டென்ட் இருக்கும்போது குழாயை இழுத்தால் ஸ்டென்ட்டும் நகரக்கூடும். அந்த மாதிரிச் சமயங்களுக்கான கோடு அது. வார்டில் படுக்கையருகே தையலை வெட்டி உருவி எடுத்ததற்கு 47537 கிடையாது. அது அன்றைய பரிசோதனை விசிட்டுக்குள் அடங்கிவிடும்.

எண்டோஸ்கோப் டாக்டருக்கு உதவியாக, தோல் வழியாகப் புதிதாகக் குத்திக் கம்பியைச் சிறுகுடல் வரை கொண்டுபோய் விடுவது ரெண்டேவூ, 47541. அரிதாகத்தான் வரும்.

பித்தப்பையில் குழாய் வைப்பது 47490. பித்தப்பை வேறு, பித்தநாளம் வேறு. ‘கோலிசிஸ்ட்’ என்றால் பை, ‘கோலாஞ்ஜியோ’ என்றால் நாளம். இந்த இரண்டு வேர்ச்சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழகினாலே பாதித் தவறு குறையும்.

ஐந்தாம் படி: ஸ்டென்ட்டில் நிதானமாகப் போங்கள்

இந்தக் கோடுகளின் கணக்கில் ஸ்டென்ட் என்பது முழுக்க உள்ளேயே இருக்க வேண்டும்; எந்த முனையும் உடம்புக்கு வெளியே வரக் கூடாது. உலோக வலையாக இருக்கலாம், பிளாஸ்டிக் குழலாகவும் இருக்கலாம். சில டாக்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கதீட்டரையும் பேச்சுவாக்கில் ‘ஸ்டென்ட்’ என்று சொல்லிவிடுவார்கள். சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்று கோடுகள். இருக்கும் வழியில் வைத்தால் 47538. புதிதாகக் குத்தி வைத்து, தனி டிரெயின் எதுவும் விடாமல் வெளியே வந்தால் 47539. புதிதாகக் குத்தி வைத்து, கூடவே ஒரு டிரெயினையும் விட்டுவிட்டு வந்தால் 47540. மூன்றிலும் பலூன் விரிப்பு, கோலாஞ்சியோகிராம், பழைய கதீட்டரை மாற்றுவது, எடுப்பது எல்லாம் அடக்கம். 47538 போட்ட அதே அடைப்புக்கு 47536, 47537, 47542 எதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. வரையறையில் ‘ஒவ்வொரு ஸ்டென்ட்டும்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அதைப் பார்த்து, மூன்று ஸ்டென்ட் என்றால் மூன்று முறை போட்டுவிடுகிறார்கள். பிரிவின் தொடக்கத்தில் உள்ள விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும். ஒரே நாளத்தில் ஒன்றன் மேல் ஒன்று படியும்படியோ, ஒன்றை அடுத்து ஒன்றாகவோ எத்தனை வைத்தாலும், ஒரே வழியில் போயிருந்தால், ஒரு தடவைதான். இடது கல்லீரல் நாளத்திலிருந்து பொதுப் பித்தநாளம் வரை பாலம் போட்ட மாதிரி நீண்டு போனாலும் ஒரு தடவைதான்.

ஒன்றுக்கு மேல் போடலாம் என்பது மூன்று சூழலில். ஒரே நாளத்தில் இரண்டு ஸ்டென்ட்டைப் பக்கத்தில் பக்கமாக, இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரி வைத்தால். ஒரே வழியில் போய் வெவ்வேறு நாளங்களில் வைத்தால். வெவ்வேறு வழிகளில் குத்தி வெவ்வேறு நாளங்களில் வைத்தால். இரண்டாவது தடவை போடும் கோடுக்கு, அது தனி வேலை என்று காட்டும் 59 மாடிஃபையர் வேண்டும். ரிப்போர்ட்டில் இந்த மூன்றில் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘இரண்டு ஸ்டென்ட் பயன்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது.

ஆறாம் படி: கூட வரும் மூன்று கோடுகள்

47542, 47543, 47544 மூன்றும் தனியாக நிற்காதவை. முக்கியக் கோடு ஒன்றோடுதான் போகும்.

47542 நாளத்தையோ அது குடலில் திறக்கும் வாயையோ பலூனால் விரித்ததற்கு. முதல் நாளத்துக்கு ஒன்று. வேறு நாளங்களையும் விரித்திருந்தால், எத்தனையானாலும் சேர்த்து இன்னும் ஒன்றே ஒன்று, 59-ஓடு. ஸ்டென்ட் கோடுகளோடு சேராது என்று மேலேயே சொன்னேன்.

47543 நாளத்துக்குள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்ததற்கு. பிரஷ், ஃபோர்செப்ஸ், ஊசி எதுவானாலும், ஒரு முறை எடுத்தாலும் பலமுறை எடுத்தாலும், அமர்வுக்கு ஒன்று. ரிப்போர்ட்டின் நடுவில் ‘பிரஷிங்ஸ் அனுப்பப்பட்டன’ என்று ஒரே ஒரு வரியாக ஒளிந்திருக்கும். இதை விட்டுவிட்டால் டாக்டர் செய்த வேலைக்கு ஊதியம் போகாது. அதிகமாகப் போடுவதை மட்டும்தான் நாம் தவறு என்று பழகியிருக்கிறோம். விட்டுப்போவதும் அதே அளவு தவறுதான்.

47544 கல்லையோ கசடையோ அகற்றியதற்கு. உடைத்து எடுத்தாலும் இதுவே. கூடை, பலூன் என்று கருவிகளைப் போட்டுப் பார்த்து, கல்லே இல்லை என்றால் இந்தக் கோடு இல்லை. குழாய் மாற்றும்போது தற்செயலாகக் கொஞ்சம் கசடு வந்துவிட்டதற்கும் இல்லை. பலூன் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பாருங்கள். சுருக்கத்தை விரிக்க என்றால் 47542. கல்லைக் குடலுக்குள் தள்ள மட்டும் என்றால் 47544. ஒரே பலூன், ஒரே வேலைக்கு இரண்டு கோடு வராது.

ஏழாம் படி: மயக்க மருந்து

2016-இல் இந்தப் பிரிவின் பெரும்பாலான கோடுகளுக்குள் மிதமான மயக்கம் அடங்கியிருந்தது. 2017 ஜனவரி முதல் அது வெளியே வந்துவிட்டது. சிகிச்சை செய்யும் டாக்டரே மயக்கத்தையும் மேற்பார்வை செய்து, பயிற்சி பெற்ற இன்னொருவர் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தால், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முதல் 15 நிமிடத்துக்கு 99152, அடுத்த ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 99153. மொத்தம் 10 நிமிடத்துக்குக் குறைவு என்றால் எதுவும் இல்லை. தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் போடாதீர்கள். மயக்க மருத்துவர் தனியாக வந்திருந்தால் இந்த இரண்டுமே உங்களுடையவை அல்ல.

எட்டாம் படி: நோய்க்கான கோடு

செயல்முறைக் கோடு சரியாக இருந்தும் கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான். பித்தநாள அடைப்புக்கு K83.1. ஆனால் அடைப்புக்குக் காரணம் கல் என்றால் K83.1 போகாது, K80 வரிசைக்குப் போக வேண்டும். நாளத்தில் கல், அழற்சி இல்லை, அடைப்பு உண்டு என்றால் K80.51. கல்லோடு திடீர் நாள அழற்சியும் அடைப்பும் என்றால் K80.33. கணையத் தலைப் புற்றுநோய் C25.0, கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளப் புற்றுநோய் C24.0, உள்ளே உள்ளது C22.1. இடம் நகர்ந்த ஸ்டென்ட்டைச் சரிசெய்ய வந்திருந்தால் T85.520A. காரணம் தெரிந்த பிறகும் மஞ்சள்காமாலை என்று R17 மட்டும் போட்டு அனுப்புவது சோம்பல். அதோடு நோயாளியின் பதிவில் அவருடைய உண்மையான நோய் இடம்பெறாமல் போகிறது.

ஒன்பதாம் படி: கையால் போட்டுப் பாருங்கள்

கணையத் தலையில் கட்டி. வலது நாளத்தைப் புதிதாகக் குத்தி, படம் எடுத்து, அடைப்பைத் தாண்டி 10 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) டிரெயினின் நுனியைச் சிறுகுடலில் விட்டார்கள். பிரஷ் பயாப்ஸியும் எடுத்தார்கள். 47534, 47543. நோய்க்கு C25.0, K83.1. 47532-உம் 76942-உம் இல்லை.

நாளங்கள் கூடும் இடத்தில் அடைப்பு. வலப்பக்கம் இன்டர்னல்-எக்ஸ்டர்னல் வைக்க முடிந்தது. இடப்பக்கம் தனியாகக் குத்தி, தாண்ட முடியாமல் எக்ஸ்டர்னல் வைத்தார்கள். 47534, 47533-59. பணம் தரும் காப்பீட்டு நிறுவனம் கேட்டால் 59-க்குப் பதில், தனி இடம் என்று காட்டும் XS. கல்லீரல் சிறுநீரகம் மாதிரி ஜோடி உறுப்பு இல்லை. இடம், வலம் சொல்ல எல்டி, ஆர்டி மாடிஃபையர்களை ஒட்டாதீர்கள். அதே நோயாளி சில வாரம் கழித்து வருகிறார். வலது குழாய் அப்படியே மாற்றப்பட்டது. இடது இப்போது தாண்டிவிட்டது. வலதுக்கு 47536, இடதுக்கு 47535. தனித்தனிக் குழாய் என்பதால் 59 வேண்டும். அந்த ஜோடிக்கு எந்தக் கோடில் ஒட்ட வேண்டும் என்பதை அந்தக் காலாண்டின் என்சிசிஐ அட்டவணையில் (எந்தெந்தக் கோடுகள் சேர்ந்து வரக் கூடாது என்று சொல்வது) பார்த்துப் போடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று அது மாறிக்கொண்டே இருக்கும்.

இரைப்பை பைபாஸ் ஆனவர், நாளத்தில் கல், காய்ச்சல். முதல் நாள் கிருமி பரவாமல் இருக்க வெளியே வடிக்க மட்டும் குழாய் வைத்தார்கள்: 47533, K80.33. காய்ச்சல் தணிந்த பிறகு வந்து, கல்லைப் பலூனால் குடலுக்குள் தள்ளி, இன்டர்னல்-எக்ஸ்டர்னலாக மாற்றினார்கள்: 47535, 47544.

இன்டர்னல்-எக்ஸ்டர்னல் டிரெயினோடு வந்தவர். பலூனால் விரித்து, இரண்டு உலோக ஸ்டென்ட்டை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி பொதுப் பித்தநாளத்தில் வைத்து, டிரெயினை எடுத்துவிட்டார்கள். 47538, ஒரே ஒரு தடவை. சார்ட் ஒரு முழுப் பக்கம் இருக்கும், கோடு ஒன்றுதான்.

பத்தாம் படி: யாருடைய பில் என்று பாருங்கள்

மேலே சொன்னது முழுக்க டாக்டரின் பில்லுக்கும் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி பில்லுக்கும். வெளிநோயாளி பில்லில் ஆஸ்பத்திரி, பொருள்களுக்கும் கோடு சேர்க்கும்: டிரெயின் கதீட்டர் C1729, கம்பி C1769, உறையிட்ட ஸ்டென்ட் C1874, உறையில்லாதது C1876. நோயாளி உள்நோயாளியாகப் படுத்திருந்தால் ஆஸ்பத்திரியின் பில்லில் சிபிடிக்கு இடமே இல்லை, உள்நோயாளி சிகிச்சைகளுக்கான ஐசிடி-10-பிசிஎஸ் கோடு தொகுப்பு வேண்டும். தோல் வழியாக வலது கல்லீரல் நாளத்தில் டிரெயின் வைத்தால் 0F9530Z. அதே நாள், அதே நோயாளி, அதே குழாய். டாக்டரின் பில்லில் மட்டும் 47533 போகும்.

கடைசிப் படி: தெரியாவிட்டால் கேளுங்கள்

நுனி எங்கே முடிந்தது என்று எழுதாத ரிப்போர்ட்டுகள் வரும். ஊகித்து 47534 போடவும் வேண்டாம், பயந்து 47533-க்கு இறக்கவும் வேண்டாம். டாக்டருக்குக் குவெரி, அதாவது எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்புங்கள். ‘கதீட்டர் சிறுகுடலுக்குள் போனதா?’ என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிட்டதாக ஆகும். நான் இப்படி எழுதுவேன்: ‘இந்தத் தேதியில் வைக்கப்பட்ட பிலியரி டிரெயினின் நுனி எந்த இடத்தில் முடிகிறது என்பதைத் தயவுசெய்து ரிப்போர்ட்டில் குறிப்பிடவும். ஏற்கனவே இருந்த வழியா, புதிதாகக் குத்தியதா என்பதையும் குறிப்பிடவும்.’ இரண்டே வரி. பதில் திருத்தப்பட்ட ரிப்போர்ட்டாக வரட்டும். மின்னஞ்சலில் ‘ஆமாம்’ என்று வந்ததை வைத்து கோடு போடாதீர்கள். அது வரும்வரை சார்ட்டை நிறுத்தி வையுங்கள், அன்றைய புரொடக்ஷன் எண் குறைந்தாலும் பரவாயில்லை.